பழைய கோல்ட்விங் வாங்கலாமா?

கேள்வி: சார், நான் ஹூஸ்டன்ல இருக்கேன். 2008 மாடல் ஹோண்டா கோல்ட்விங் பைக் ஒண்ணு விலைக்கு வருது, 60,000 மைல் ஓடியிருக்கு. இவ்ளோ ஓடின வண்டிய நம்பி வாங்கலாமா? - ஒரு வாசகர்

பதில்: மைலப் பாத்து பயப்படாதீங்க தம்பி. 1832 சிசி, ஆறு சிலிண்டர் படுத்த மாதிரி இருக்குற இன்ஜின், டைமிங்குக்கு, அதாவது வால்வு திறந்து மூடுற நேரத்துக்கு, பெல்ட் கிடையாது, செயின்தான், பின் சக்கரத்த சுத்துறது செயின் இல்ல, ஷாஃப்ட் டிரைவ்ங்குற சுழலுற தண்டு, அதனால ஒழுங்கா ஆயில் மாத்தின வண்டிக்கு 60,000 எல்லாம் ஒண்ணுமே இல்ல. என்னோடதும் அதே தலைமுறைதான், ஒரு லட்சம் தாண்டியும் இன்ஜின நான் பிரிச்சதே இல்ல.

ஆனா பிரேக்க விட்றாதீங்க, அதுதான் எனக்கு கவலை. 2001-லேருந்து 2010 வரைக்கும், அப்புறம் 2012 மாடலுக்கும், செகண்டரி மாஸ்டர் சிலிண்டர் (முன், பின் பிரேக்க இணைக்கிற பாகம்) பிரச்சினைக்காக 2011-ல ஹோண்டாவே ரீகால் பண்ணாங்க, அதாவது சரி பண்ண வண்டிகள திரும்பக் கூப்பிட்டாங்க, பிரேக்க விட்ட பிறகும் பின்னாடி பிடிச்சுக்கிட்டே இருந்து சூடாகி தீப்பிடிக்கிற அளவுக்குப் போகலாம்னு. ரீகால் வேலை முடிஞ்சிருக்கான்னு வண்டியோட வின் நம்பர (ஒவ்வொரு வண்டிக்கும் தனியா இருக்குற அடையாள எண்) வச்சு டீலர்கிட்ட கேளுங்க. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரல்ல வச்சு, பின் பிரேக்க நல்லா மிதிச்சு விட்டுட்டு சக்கரத்த கையால சுத்துங்க, லேசா சுத்தணும். பிரேக் ஃப்ளூயிட் மூடிக்குள்ளயும் பாருங்க. நான் வாங்கினப்போ டிகாஷன் கலர்ல இருந்துச்சு, முதல் வேலையா அதத்தான் மாத்தினேன்.

டயர் தயாரான தேதியும் பாருங்க, 400 கிலோ வண்டியத் தாங்கணும்ல.