அணிக்கோவையும் டிடர்மினன்டும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் தம்பி அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் பொறியியல் கிடைத்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டிவிடுகிறது. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வருகிறது. முதல் வருடத்தில் ஆறு அரியர். ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்தவன், திரும்பிப் போக மாட்டேன் என்கிறான். கேட்டால் ‘பிடிக்கல’ என்ற ஒரே பதில்தான். திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் அப்பா. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் இவன் ஒருவன்தான். இவனுக்குப் படிப்பில் ஆர்வமே இல்லையா? வற்புறுத்தி அனுப்பலாமா?

பெயர் வேண்டாம்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

‘பிடிக்கல’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ப்ளஸ் டூவில் கணக்கு எடுத்துப் படித்து, கலந்தாய்வில் இடம் வாங்கிய பையனை ஆர்வமில்லாதவன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கப்படுகிற பிள்ளைகள் வீட்டில் சொல்கிற வார்த்தை அது. 1994இல் நானும் அதைத்தான் சொன்னேன்.

நானும் தமிழ் வழிதான். பொறியியல் கல்லூரியில் முதல் வாரம் கணக்கு வகுப்பில் வாத்தியார் ‘டிடர்மினன்ட்’ என்று ஆரம்பித்தார். பலகையில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு. பள்ளியில் அணிக்கோவை என்று அதைப் பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறேன். ஆனால் இதற்குத்தான் அந்தப் பெயர் என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. வேறு ஏதோ புதிது என்று நினைத்து, ஒலியை மட்டும் தமிழில் எழுதிக்கொண்டேன். ‘ரேங்க்’ என்றால் பரீட்சை ரேங்க் என்று நினைத்தேன், அது அணியின் (மேட்ரிக்ஸின்) தரம். ‘ஃபங்ஷன்’ என்றதும் கல்யாண வீடுதான் ஞாபகம் வந்தது, அது சார்பு. தெரிந்த கணக்கில் ஃபெயில் ஆனேன். தெரியாத கணக்கில் ஃபெயில் ஆவதைவிட அது மோசம். நமக்கு மூளையே இல்லை என்று நம்ப வைத்துவிடும்.

என்னைக் காப்பாற்றியவர் ஒரு சீனியர். ஒருநாள் மெஸ்ஸில் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். அன்று இரவு விடுதி மொட்டைமாடியில் உட்கார்ந்து, பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் இரண்டு வரிசையாக எழுதிக் கொடுத்தார். இந்தப் பக்கம் வகையீடு, அந்தப் பக்கம் டிஃபரன்ஷியேஷன். இந்தப் பக்கம் தொகையீடு, அந்தப் பக்கம் இன்டக்ரேஷன். நாற்பது வார்த்தை இருக்கும். அந்தத் தாள் மடிப்பில் கிழிகிற வரைக்கும் என் சட்டைப்பையில் இருந்தது.

என் அறைத் தோழனுக்கு அப்படி ஒருவர் அமையவில்லை. என்னைவிடக் கெட்டிக்காரன். பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் வரவில்லை. வகுப்பில் மூன்று வாரம் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். கல்லூரியிலிருந்து அவன் வீட்டுக்கு ஒரு கடிதம்கூடப் போகவில்லை. அவனுடைய டிரங்குப் பெட்டி மே மாதம் வரை கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. அப்புறம் அவன் அப்பா வந்தார். பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, “யார்கிட்டயாவது சண்டை போட்டானா தம்பி?” என்று கேட்டார். இல்லைங்க என்றேன். ஒரு கடிதம் நானாவது போட்டிருக்கலாம். அது இன்னும் உறுத்துகிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் வின்சென்ட் டின்டோ 1975இல் எழுதிய கட்டுரை இந்த விஷயத்தில் இன்றைக்கும் பேசப்படுகிறது. ஒரு மாணவன் கல்லூரியின் படிப்போடும் அங்குள்ள மனிதர்களோடும் எவ்வளவு ஒட்டியிருக்கிறான் என்பதை வைத்தே அவன் தங்குவதும் விலகுவதும் பெருமளவு அமைகிறது என்றார். அவருக்கு முன்பே, 1970இல், வில்லியம் ஸ்பேடி என்ற ஆய்வாளர் இந்த யோசனையைப் பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்க்கைமின் தற்கொலை ஆய்விலிருந்து எடுத்திருந்தார். சமூகத்தோடு பிணைப்பு அறுந்தவன் உயிரை விடுகிறான் என்றால், கல்லூரியோடு பிணைப்பு அறுந்தவன் படிப்பை விடுகிறான். படித்தபோது அந்தப் பெட்டிதான் கண்ணில் நின்றது. பின்னால் 1985இல் ஜான் பீன், பார்பரா மெட்ஸ்னர் என்ற ஆய்வாளர்கள், வீட்டிலிருந்தபடியும் வேலை பார்த்துக்கொண்டும் படிப்பவர்களைக் கல்லூரிக்கு வெளியே இருக்கும் பணக்கஷ்டமும் குடும்பப் பொறுப்பும்தான் அதிகம் இழுக்கின்றன என்று எழுதினார்கள். நம் ஊர் கலைக் கல்லூரிகளில் காலையில் வகுப்பு, மாலையில் கடை வேலை என்று ஓடும் பிள்ளைகளுக்கு அது அப்படியே பொருந்தும்.

உங்கள் தம்பிக்குப் பணம் தடையாக இல்லை. அது பெரிய விஷயம், அந்தத் திட்டங்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் கட்டணம் அவனை வாசல் வரைக்கும்தான் கொண்டுபோகும். உள்ளே நுழைந்தவனிடம் ‘எத்தனை அரியர், எதில் புரியவில்லை, வா உட்கார்’ என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதைக் கல்லூரிகள் செய்ய வேண்டும், பல இடங்களில் செய்வதில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு.

சரி, இப்போது என்ன செய்வது? டிசி வாங்கப் போகாதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டில் இருந்துவிடவும் வேண்டாம். வருகைப்பதிவு குறைந்தால் இந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டி வரலாம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி என்றால், நான்கு வருடப் படிப்பை முடிக்க ஏழு வருடம் வரை அவகாசம் உண்டு. ஆறு அரியரால் படிப்பு முடிந்துபோவதில்லை. இதை அவனுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

வற்புறுத்த வேண்டாம். முதலில் அவனுடைய கணக்கு நோட்டை வாங்கிப் பாருங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புரட்டுங்கள். எந்தப் பக்கத்தில் எழுதுவதை நிறுத்தினான் என்று தெரியும். அங்கிருந்து பேச்சை ஆரம்பிக்கலாம். பிறகு நீங்களே கூடப் போய், அதே துறையில் தமிழ் வழியில் படித்து மூன்றாம் வருடத்துக்கு வந்த ஒரு பையனைத் தேடிப் பிடியுங்கள். கட்டாயம் இருப்பான். முதல்வரைப் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

இவ்வளவுக்குப் பிறகும் அவன் யோசித்து வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். பொறியியலை விட்டுவிட்டு பி.எஸ்சி. சேர்ந்து நன்றாக வந்தவர்களை எனக்குத் தெரியும். அப்போது கல்லூரி அசல் சான்றிதழ்களைத் தர மறுத்தால் பயப்பட வேண்டாம். அவற்றைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018இலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

நவம்பரில் அரியர் எழுதுவான் என்றால், கட்டணம் கட்டக் கடைசித் தேதி எது என்று இன்றே விசாரியுங்கள். முதல் செமஸ்டர் கணக்குத் தாள் அதில் இருந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள். அந்த நாற்பது வார்த்தைகளையும் திரும்ப எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்