முகாம் நோட்டு புத்தம் புதிதாக இருந்தால் போலியா?

போர்க்கால முகாம்களில் தனிப் பணம் எதற்கு, நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரெசியென்ஷ்டாட் முகாமின் (இன்றைய செக் நாட்டில்) பண நோட்டுகள் மடிப்புகூட இல்லாமல் கிடைக்கின்றனவே, போலியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில் எளிது. கைதியிடம் நாட்டுப் பணம் இருந்தால், தப்பியோடியதும் ரயில் டிக்கெட் வாங்கிவிடுவான். முகாம் நோட்டு வேலிக்கு வெளியே செல்லாது. முதல் உலகப் போரிலேயே ஜெர்மன் முகாம்களில் இது வழக்கம்தான்.

தெரெசியென்ஷ்டாட் விஷயமே வேறு. 1943 ஜனவரி 1 என்று தேதியிட்டு, 1 முதல் 100 குரோனே வரை 7 வகை நோட்டுகள். பத்துக் கட்டளைக் கற்பலகை ஏந்திய யூதத் தீர்க்கதரிசி மோசே படம், முகாமின் யூத நிர்வாகத் தலைவராக இருந்த யாகோப் எடெல்ஸ்டைன் கையெழுத்து. வரைந்தவர் அங்கேயே அடைபட்டிருந்த ஓவியர் பீட்டர் கீன். அதைக் கொடுத்து வாங்க உருப்படியாக ஒன்றும் இல்லை. எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோல் நாஜிகள் போட்ட வேஷத்தில் அதுவும் ஒன்று. அதிகம் புழங்காததால்தான் பல நோட்டுகள் கசங்காமல் தப்பின. ஆகவே புதுசாக இருப்பதை மட்டும் வைத்துச் சந்தேகப்பட வேண்டாம்.

அப்புறம், வாங்குமுன் புறஊதா விளக்கில் காட்டிப் பாருங்கள். காகிதம் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் பிற்கால அச்சு. வெண்மையூட்டும் ரசாயனம் காகிதத்தில் பரவலானது போருக்குப் பிறகுதான். ஒளிராததால் மட்டும் அசல் என்றும் ஆகிவிடாது. பழைய காகிதத்தில் அச்சிட்ட போலியும் உண்டு.