எந்த மேஜர் எடுப்பது? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் விருத்தாசலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டேன். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் குரூப். இந்த நாலு பாடத்தில் 400க்கு 321. அம்மா முந்திரி உடைக்கும் வேலைக்குப் போகிறார், அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. விருத்தாசலம், கடலூர், சி.முட்லூர் என்று மூன்று அரசுக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.

மாமா கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் எடுக்க வேண்டும் என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன், எந்த டிகிரி வாங்கினாலும் டிஎன்பிஎஸ்சி எழுதலாம், ஈஸியானதாகப் பார்த்து எடு என்கிறார். வேன் வைத்துக்கொண்டு ஒரு தனியார் கல்லூரிக்காரர்களும் வந்து பேசிவிட்டுப் போனார்கள். எனக்கு இயற்பியல் பிடிக்கும். பிளஸ் ஒன்னில் ஸ்கேல் வளைவதை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனையில் முள் தலைகீழாகத் தெரியும், அதைச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தினது எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான். ஆனால் கல்லூரியில் எல்லாம் ஆங்கிலமாக இருக்கும் என்று பயமாக இருக்கிறது. தமிழ் வழி எடுப்பதா, ஆங்கில வழி எடுப்பதா? கலந்தாய்வுக்கு முன் நான் என்ன செய்து வைத்துக்கொள்ள வேண்டும்? அம்மா வந்தால் ஒருநாள் கூலி போய்விடும், தனியாகப் போகலாமா?

ம.

அன்புள்ள ம.,

மாமா, பக்கத்து வீட்டு அண்ணன், வேனில் வந்தவர்கள் என்று மூன்று தரப்பு உங்கள் கடிதத்தில் பேசுகிறது. உங்கள் குரல் கேட்பது அந்த முள்ளைப் பற்றி எழுதியிருக்கும் இடத்தில்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மீட்டர் அளவுகோலை இரண்டு கத்தி முனைகளின் மேல் வைத்து, நடுவில் எடை தொங்கவிட்டு, அது எவ்வளவு இறங்குகிறது என்று நகரும் நுண்ணோக்கியில் பார்த்தீர்கள் அல்லவா? எடை கூடினால் இறக்கமும் அதே விகிதத்தில் கூடும் என்பதைச் சரிபார்ப்பதோடு பள்ளியில் அந்தச் சோதனை முடிந்துவிடும். பி.எஸ்சி. இயற்பியல் ஆய்வகத்தில் அதே அளவுகோல், அதே முள் திரும்ப வரும். இந்த முறை அந்த மரத்தின் யங் குணகத்தை, அதாவது மரம் எவ்வளவு விறைப்பானது என்று காட்டும் அளவை, கணக்கிடச் சொல்வார்கள். அந்தச் சூத்திரத்தில் அளவுகோலின் தடிமன் மும்மடியில் வரும். தடிமனை அளப்பதில் நூற்றுக்கு ஒரு பங்கு பிசகினால் விடை நூற்றுக்கு மூன்று பங்கு பிசகும். அதனால்தான் தடிமனுக்கு மட்டும் திருகு அளவியை (ஸ்க்ரூ கேஜ்) கையில் கொடுத்து, ஐந்தாறு இடத்தில் அளந்து சராசரி எடுக்கச் சொல்கிறார்கள். இதைப் படிக்கும்போது உங்களுக்கு இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ளத் தோன்றுகிறதா, இல்லை அலுப்பாக இருக்கிறதா? பதில் உங்களுக்கே தெரியும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பட்டத்தின் பெயரை வைத்து மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, முடிவு செய்யாதீர்கள். முதலாண்டில் என்னென்ன தாள்கள் இருக்கின்றன என்று பாடத்திட்டத்தை எடுத்துப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. சேர்ந்து ஒரு மாதம் கழித்துத்தான் பாடத்திட்டத்தின் முகத்தையே பார்க்கிறார்கள். முதல் தலைமுறையாகப் போகிறவர்களுக்கு இதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை, பள்ளியிலும் பெரும்பாலும் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கலந்தாய்வு அறை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பொறியியலுக்கு நடப்பதுபோல மாநிலம் முழுக்க ஒரே கலந்தாய்வு இங்கே கிடையாது. விண்ணப்பம் ஒரே இணையதளத்தில் போட்டாலும், ஒவ்வொரு கல்லூரியும் தன் தரவரிசைப் பட்டியலை வெளியிட்டுத் தானே கூப்பிடும். பி.ஏ. தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணையும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள். மற்றவற்றுக்கு உங்கள் 321தான் கணக்கு. முதலில் மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரர் பிள்ளைகள் போன்ற சிறப்புப் பிரிவினர். அப்புறம் பொது வரிசை. பெயரைக் கூப்பிட்டதும் மேசை முன்னால் போய் உட்கார்ந்தால், "பிசிக்ஸ் தமிழ் மீடியம் ரெண்டு இருக்கு, மேத்ஸ் இருக்கு, கெமிஸ்ட்ரி இங்கிலீஷ் மீடியம் ஒண்ணு இருக்கு, எதும்மா வேணும்?" என்று கேட்பார்கள். பின்னால் வரிசை நிற்கும். ஒரு நிமிடம்கூட யோசிக்கக் கிடைக்காது. "எதுவா இருந்தாலும் பரவால்ல சார்" என்று சொல்லி, மூன்று வருடத்தை அந்த இடத்திலேயே யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. பொதுப் போட்டியில் இருக்கும் 31 விழுக்காடு இடங்கள் 'நமக்கு இல்லை' என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது எல்லாருக்கும் உரிய இடம். உங்கள் தரவரிசை அதற்குள் வந்தால் அதிலேயே எடுத்துக்கொள்வார்கள். வராவிட்டால்தான் உங்கள் பிரிவுக்கு உரிய இடத்தைப் பார்ப்பார்கள்.

சரி, பாடத்திட்டத்துக்கு வருவோம். நீங்கள் போட்டிருக்கும் மூன்று கல்லூரிகளும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அதன் இணையதளத்தில் இணைவுக் கல்லூரிகளுக்கான பாடத்திட்டங்கள் இருக்கும். செல்போனில் பார்க்கச் சிரமமாக இருந்தால், முதலாண்டுப் பக்கங்களை மட்டும் கடையில் பிரிண்ட் எடுங்கள். ஐந்து பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். முதல் பகுதி தமிழ், இரண்டாவது ஆங்கிலம். நீங்கள் எந்த அறிவியல் எடுத்தாலும் இவை இரண்டும் உண்டு. மூன்றாவது பகுதிதான் மேஜர், கூடவே அலைடு என்று எல்லாரும் சொல்லும் சார்புப் பாடம். நான்கில் திறன் வளர்ப்புத் தாள்கள், சுற்றுச்சூழல் கல்வி எல்லாம் வரும். ஐந்தாவது நாட்டு நலப்பணித் திட்டம் போன்றவை. தாளுக்குப் பொதுவாக 25 மதிப்பெண் கல்லூரியிலேயே போடுவது, 75 பல்கலைக்கழகத் தேர்வு. மாதத் தேர்வைத் தவறவிட்டால் அந்த 25இல்தான் அடி விழும்.

தமிழ்நாட்டின் மாதிரிப் பாடத்திட்டத்தில் பி.எஸ்சி. இயற்பியலின் முதல் பருவ மேஜர் தாள் பருப்பொருளின் பண்புகளும் ஒலியியலும். அடுத்த பருவத்தில் வெப்பமும் வெப்ப இயக்கவியலும். இப்போது உங்கள் பிளஸ் ஒன் இயற்பியல் இரண்டாம் தொகுதியைத் திறந்து பாருங்கள். ஏழாவது அலகு பருப்பொருளின் பண்புகள், எட்டாவது வெப்பமும் வெப்ப இயக்கவியலும். அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்! பிளஸ் டூ முடிந்தவுடன் எடைக்குப் போடும் புத்தகம்தான் கல்லூரி முதலாண்டுக்கு வேண்டிய புத்தகம். சேர்வதற்குள் இருக்கும் இந்த நாட்களில் அந்த இரண்டு அலகையும் கணக்குகளோடு ஒருமுறை செய்துவிடுங்கள். உட்காரும்போது உற்சாகம் வந்தால் இயற்பியல் எடுங்கள். பிடித்தது ஆய்வகம் மட்டும்தான், கணக்கு வந்தால் தலை சுற்றுகிறது என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அப்படியானால் வேதியியலின் முதலாண்டுத் தாள்களையும் எடுத்துப் பாருங்கள்.

அலைடை யாரும் சீண்டுவதில்லை. ஆனால் பின்னால் பல கதவுகளைத் திறப்பது அதுதான். இயற்பியலோடு கணிதம் அலைடாக வரும். சில கல்லூரியில் முதலாண்டு, சில கல்லூரியில் இரண்டாமாண்டு. துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மாமா சொல்லும் கம்ப்யூட்டருக்கும் இதில் வழி இருக்கிறது. பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்தவர்கள் பிறகு டான்செட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி, கம்ப்யூட்டர் முதுகலைப் படிப்பான எம்.சி.ஏ. போகலாம். இயற்பியலிலேயே மேலே போக ஆசை வந்தால், ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வு இருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் முதலாண்டையும் பாருங்கள். முதல் பருவத்திலேயே நிரல் எழுத உட்கார வைத்துவிடுவார்கள். ஒரு நிரல் ஓடாமல் நின்றால் எங்கே தப்பு என்று இரண்டு மணி நேரம் தேடும் பொறுமை உங்களுக்கு உண்டா? முள்ளை நேராக நிறுத்தியவருக்கு அந்தப் பொறுமை இருக்கலாம். ஆனால் அதை மாமா முடிவு செய்ய முடியாது.

பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னது பாதி உண்மை. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளில் பெரும்பாலான பணிகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். ஆனால் அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு அந்தந்தப் பாடத்தில் பட்டம் வேண்டும். வேனில் வந்தவர்கள் புதுப்புதுப் பெயரில் பட்டப்படிப்புகள் சொல்லியிருப்பார்கள். அவற்றில் சேரும் முன், வழக்கமான பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று கேளுங்கள். இணைத்தன்மை இல்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு வேலை நேரத்தில் அலைவது பெரிய பாடு. அப்புறம், ஈஸியான டிகிரி என்று ஒன்று கிடையாது. பிடிக்காத பாடத்தில் வரும் அரியர்தான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

தமிழ் வழியா, ஆங்கில வழியா என்பது நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய முடிவு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் நேரடி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அதைத் திருத்தி இறுக்கினார்கள். பட்டம் தகுதியாக உள்ள பணிக்கு, பட்டத்தை மட்டும் தமிழ் வழியில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். நீங்கள் இதுவரை தமிழ் வழியில் வந்திருக்கிறீர்கள். கலந்தாய்வு மேசையில் ஆங்கில வழி என்று சொன்னால், பட்டப்படிப்புத் தரத்து வேலைகளில் அந்த முன்னுரிமை உங்களுக்குப் போய்விடும். இதை அங்கே யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

என் கருத்தைக் கேட்டால், தமிழ் வழி எடுங்கள். அதை ஆங்கிலத்துக்குப் பயந்து எடுக்காதீர்கள். எம்.எஸ்சி. போனால் வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும், நல்ல புத்தகங்கள் பலவும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அதற்கு இப்போதே ஒரு வழி இருக்கிறது. நம் பாடநூல்கள் இரண்டு மொழியிலும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. அரசுத் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தமிழில் நன்றாகப் படித்துவிட்ட ஏழாவது அலகை ஆங்கிலப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் படியுங்கள். பொருள் ஏற்கெனவே தெரியும் என்பதால் மொழி மட்டும்தான் புதிதாக இருக்கும். தகைவு, திரிபு, மீட்சிக்குணகம் என்று நீங்கள் படித்தவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்தில் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தால், இரண்டு அலகு முடிவதற்குள் பயத்தில் பாதி போய்விடும்.

சான்றிதழ் விஷயம் சுருக்கமாக. மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம், போட்டோ, எல்லாவற்றுக்கும் நாலைந்து ஜெராக்ஸ். ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் வங்கிக் கணக்கிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கல்லூரி திறப்பதற்கு முன்பே சரிசெய்யுங்கள். நீங்கள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்களுக்கு உண்டு. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், பணம் ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் வரும். இனிஷியல் தகராறில் அது மாதக்கணக்கில் நிற்கக்கூடும்.

கல்லூரியில் ஷிப்ட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மதிய ஷிப்ட் என்றால் சாயங்காலம் உங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள். கடலூரில் விரும்பிய மேஜரும் விருத்தாசலத்தில் இரண்டாவது விருப்பமும் கிடைத்தால் எதை எடுப்பது என்பதையும் வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒரு தாளில் மூன்று மேஜரை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே எந்த மொழி வழி, எந்தக் கல்லூரி வரை போகலாம் என்று குறித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் கேட்கும்போது அந்தத் தாளைப் பார்த்துச் சொன்னால் போதும்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். கூலி போவது எனக்குப் புரிகிறது. ஆனால் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்துக் கேட்பார்கள். கட்டணத்தை அன்றைக்கே கட்டச் சொல்லவும் கூடும், அதனால் பணமும் கையில் இருக்கட்டும். அசல் மாற்றுச் சான்றிதழை ஒரு கல்லூரியில் கொடுத்துவிட்டால் இன்னொரு கல்லூரிக்கு மாறும்போது அதைத் திரும்ப வாங்க நடக்க வேண்டியிருக்கும். மூன்று கல்லூரியின் கலந்தாய்வுத் தேதிகளையும் பார்த்து, எங்கே சேர்வது என்று உறுதியான பிறகே அதைக் கொடுங்கள்.