கேளுங்கள், சொல்கிறேன்: பெர்லினில் ஒரு வெறும் வீடு

கே: கொரோனா சமயத்தில் பெர்லினில் வாடகைக்குக் குடிபோன கதையைப் போன இதழில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, கடையெல்லாம் மூடிக் கிடந்தபோது எப்படிச் சமாளித்தீர்கள்?
- வாசகி, திருச்சி

ப: 2020 டிசம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை ஊரடங்கை அறிவித்தார்கள். எங்களுக்குச் சாவி கிடைத்தது 15ஆம் தேதி மதியம். மறுநாளிலிருந்து மளிகை, மருந்து மாதிரியான கடைகள் தவிர மற்றதெல்லாம் அடைப்பு. மிச்சமிருந்த சில மணி நேரத்தில் ஓடிப்போய் ஒரு மெத்தையும் ஒரு வாளியும் வாங்கினோம். ஏன் வாளி என்று இன்றுவரை வீட்டில் கேட்கிறார்கள்.

ஜெர்மனியில் வாடகை வீடு என்றால் பெரும்பாலும் வெறும் சுவர்தான். பல ஊர்களில் காலி செய்கிறவர்கள் சமையலறையையே கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பெர்லினில் அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் வீட்டுக்காரர் தருவது வழக்கம், எங்களுக்கும் அந்த இரண்டும் இருந்தன. அலமாரி இல்லை, மேடை இல்லை, விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று ஒயர் தொங்கியது. டிசம்பரில் அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும், அன்றைக்கு போன் டார்ச்சை ஒரு டம்ளரில் நட்டு வைத்துக்கொண்டுதான் ரசம் வைத்தேன்.

அந்த ஊரில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. தனக்கு வேண்டாத சாமானை நடைபாதையில் வைத்து 'சு ஃபெர்ஷெங்கன்', அதாவது இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று சீட்டு ஒட்டிவிடுவார்கள். எங்கள் இரண்டு நாற்காலியும் அப்படி வந்தவை, ஒன்று லேசாக ஆடும். மேஜை விளக்கு மட்டும் மேல்மாடிப் பாட்டி தந்தது: வாசலில் வைத்து, மணியடித்து, பாதிப் படி ஏறி நின்று கையாட்டிவிட்டுப் போய்விட்டார். முகக்கவசம் இல்லாமல் அவர் முகத்தைப் பார்க்கவே பல மாதம் ஆனது.

கே: அங்கே வாடகையை அரசே உறையவைத்ததாமே? உங்களுக்கு லாபம்தானே?
- வாசகர், மதுரை

ப: கொஞ்ச நாள் லாபம். 2020 பிப்ரவரியில் நகர அரசு கொண்டுவந்த 'மீட்டன்டெக்கல்' என்ற சட்டம் அது. ஆனால் எங்கள் ஒப்பந்தத்தில் இரண்டு வாடகை எழுதியிருந்தது, சட்டப்படி ஒன்று, சட்டம் செல்லாது என்றானால் தர வேண்டியது இன்னொன்று. 2021 ஏப்ரல் 15 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்றே சொல்லிவிட்டது, வித்தியாசத்தை எண்ணிக் கட்டினோம். நல்லவேளை, தொடாமல் எடுத்து வைத்திருந்தோம். முன்பணம் பற்றியும் கேட்டிருந்தீர்கள்: அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகை, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்கு நம்பச் சிரமமாக இருக்கும்.

கே: குளிரில் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்கிறார்களாமே, பைத்தியமா அவர்களுக்கு?
- வாசகி, ஈரோடு

ப: இல்லை. அடைத்தே வைத்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், அதனால் தினமும் சில தடவை ஐந்து நிமிடம் முழுசாகத் திறந்துவிட்டு மூட வேண்டும். தொற்றுக் காலத்தில் அரசும் அதையே சொன்னது. சாம்பார் கொதிக்கிற வீட்டில் யாரும் சொல்லாமலே திறப்போம்.

கே: என் மகன் அங்கே படிக்கப் போகிறான். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை என்ன?
- வாசகர், கோவை

ப: தபால்பெட்டியிலும் வாசல் மணியிலும் பெயரை ஒட்டச் சொல்லுங்கள், பால் காய்ச்சுவதெல்லாம் அப்புறம். முகவரியில் தெருவும் கட்டட எண்ணும் இருக்கும், வீட்டு எண் பெரும்பாலும் இருக்காது. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார், பெயர் இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும். வங்கி அட்டை, வரி எண் எல்லாமே தபாலில்தான் வரும். குடியேறி 14 நாளுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று தேவை, சாவியோடு சேர்த்தே கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

எந்தப் பெயர் என்பதில்தான் நமக்குக் குழப்பம். அவர்கள் ஒட்டுவது குடும்பப் பெயர். என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது அப்பா பெயர், அதைத்தான் பிளாஸ்திரியில் பேனாவால் எழுதி ஒட்டினேன். தஞ்சாவூரைத் தாண்டாத மனிதர், பெர்லினில் ஒரு வாசலில் மூன்று வருஷம் இருந்தார். போட்டோ எடுத்து அனுப்பினேன், எழுத்து கோணல் என்று பதில் வந்தது.