குதிரைகளை எண்ணியது யார்?

கேள்வி: என் 16 வயது மகன் லைசென்ஸ் வாங்கிவிட்டான். முதல் காராக 1966 ஃபோர்டு மஸ்டாங்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். வி8 எஞ்சின் (எட்டு சிலிண்டர்), 200 குதிரைத்திறன். சின்னப் பையனுக்கு இது அதிகம் இல்லையா?
– வாசகர் ஒருவர், டெட்ராய்ட்

பதில்: 200 என்று சொன்னது யார்? ஃபோர்டு கம்பெனி. அந்தக் காலத்தில் அமெரிக்கக் கம்பெனிகள் எஞ்சினைத் தனியாக மேடையில் ஏற்றி, சைலன்சர், ஏர் ஃபில்டர், டைனமோ எதுவும் இல்லாமல் ஓடவிட்டுத்தான் அளந்தன. வண்டிக்குள் போனதும் பல குதிரைகளைக் காணோம். 1972-ல் வண்டியில் இருக்கிறபடியே அளந்து சொல்ல ஆரம்பித்தார்கள். விளம்பர எண்கள் பொத்தென்று விழுந்தன. எதிர்க் கூத்தும் உண்டு. இன்சூரன்ஸ்காரர்கள் கண்ணில் படாமலிருக்க, சில எஞ்சின்களுக்குக் குறைத்துச் சொன்னார்கள். 1968-ல் வந்த 428 கோப்ரா ஜெட் என்ற எஞ்சினுக்கு ஃபோர்டு போட்ட எண் 335. பந்தயக்காரர்கள் யாரும் நம்பவில்லை.

நம் சக பத்திரிகை ஒன்றின் விற்பனையும் இப்படித்தான். விளம்பரதாரர் வந்தால் லட்சத்தில் இருக்கும். எழுத்தாளர் சன்மானம் கேட்டால் ஆயிரத்துக்கு இறங்கிவிடும். இதைப் படித்துவிட்டு அதன் ஆசிரியர் அடுத்த இதழில் வழக்கம்போல என்னைத் திட்டுவார். திட்டட்டும். எத்தனை பேர் படிக்கப் போகிறார்கள்?

சரி, உங்கள் பையன். இன்றைய டொயோட்டா கேம்ரி என்ற சாதாரணக் குடும்பக் காரே 200-ஐத் தாண்டும்.  வண்டி ஓடுவதைவிட நிற்பதைப் பற்றிக் கவலைப்படுங்கள். 1966 வரை மஸ்டாங்கில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் ஒரே மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் உறுப்பு) அறையிலிருந்து போகும். எங்காவது ஒரு குழாய் துருப்பிடித்து ஒழுகினால் பெடல் தரையைத் தொடும், நாலும் போச்சு. 1967 மாடலில்தான் முன்னுக்குத் தனி, பின்னுக்குத் தனி என்று பிரித்தார்கள். 1966 வண்டியில் தோள் பெல்ட் கிடையாது. மோதினால் ஸ்டீயரிங் தண்டு மடங்காது, நேரே நெஞ்சுக்கு வரும். பெட்ரோல் டேங்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை.

இதற்குப் பிறகும் வீட்டில் அவன் பேச்சுதான் எடுபடும் என்றால், 1967 மாடலாகத் தேடி, பிரேக்கை டிஸ்க்காக மாற்றி, தோள் பெல்ட் பொருத்திக் கொடுங்கள். உங்கள் ஊரில் பனிக்காலத்தில் சாலையெங்கும் உப்பு தூவுவார்கள், தகடு துருப்பிடிக்கும். பார்க்கப் போகும்போது ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய், முன் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் காற்றுத் துளைகளில் ஊற்றுங்கள். டாஷ்போர்டுக்குக் கீழே சொட்டினால் உள்ளே தகடு செத்துவிட்டது. விற்பவர் குடத்தைப் பார்த்ததுமே முகம் மாறினால் ஊற்றவே வேண்டாம்.

1966-தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் சக்கரத்து நட்டையாவது எண்ணச் சொல்லுங்கள். அந்த வருடத்தில் வி8-க்கு ஐந்து, ஆறு சிலிண்டருக்கு நான்கு. நான்கு நட்டு வண்டியில் வி8 உறுமினால், யாரோ எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு, ஆறு சிலிண்டரின் சின்ன பிரேக்கை அப்படியே விட்டிருக்கிறார்கள்.