டிரான்ஸ்போர்ட்டைக் கழற்றி மாட்டும்படி ஒரு சின்ன பியர்-டு-பியர் நிரலை எழுதுவது எப்படி?

சர்வர் இல்லாமல் நாலைந்து கணினிகள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் நிரல் ஒன்றைக் கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக எழுத வேண்டும், செய்தியைச் சுமந்து செல்லும் வழியை, அதாவது டிரான்ஸ்போர்ட்டை, இன்றைக்கு இணையத்தின் வழக்கமான டிசிபி, நாளைக்கு வேறொன்று என்று மாற்றிக்கொள்ளவும் முடிய வேண்டும், பைத்தான் ஓரளவு வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட இதே வேலையைச் சில வருடங்களுக்கு முன்னால் நானும் செய்தேன். நண்பர்கள் நாலு பேருக்குள் செய்தி அனுப்பிக்கொள்ள ஒரு குட்டி நிரல். முதல் தடவை சொதப்பியது. மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன்.

முதலில் ஒரு சொல் குழப்பம். 'பிளக்கபிள் டிரான்ஸ்போர்ட்' என்று தேடினால் பெரும்பாலும் பயனரின் அடையாளத்தை மறைக்கும் டோர் வலைப்பின்னல் சமாச்சாரம்தான் வந்து விழும். இணையத் தணிக்கை இருக்கும் இடங்களில் டோர் போக்குவரத்தை அடையாளம் தெரியாமல் மறைக்கும் ஸ்னோஃப்ளேக் போன்ற தனி நிரல்களுக்கு அங்கே அந்தப் பெயர். தூரத்து உறவுதான், ஆனால் உங்களுக்கு இப்போது தேவையில்லை. உங்கள் தேவைக்கு அருகில் இருப்பது லிப்பி2பி என்ற நூலகம். ஐபிஎஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு அமைப்புக்காக எழுத ஆரம்பித்து, பிறகு தனி நூலகமாகப் பிரிந்தது. டிசிபி, க்விக், வெப்சாக்கெட் என்று கணினிகள் பேசிக்கொள்ளும் முறைகளில் எதை வேண்டுமானாலும் அடியில் மாட்டலாம். விற்பதற்கான பொருள் என்றால் அதையே எடுத்துப் பயன்படுத்துங்கள் என்பேன். ப்ராஜெக்ட் என்றால் கையால் எழுதுங்கள், அப்போதுதான் வைவாவில் வாய் திறக்க முடியும்.

சரி, எங்கே வெட்டுவது? மேலே நோட், அதாவது வலைப்பின்னலில் ஒரு கணினியின் சார்பாகப் பேசும் பகுதி: யார் யார் இணைந்திருக்கிறார்கள், என்ன செய்தி வந்தது, யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அதன் பாடு. கீழே டிரான்ஸ்போர்ட்: அதற்கு இரண்டே வேலை. ஒரு முகவரியைக் கொடுத்தால் இணைப்பு ஏற்படுத்தித் தருவது ஒன்று, யாராவது கூப்பிட்டால் அந்த இணைப்பை எடுத்துக் கொடுப்பது இன்னொன்று. இணைப்பு என்ற பொருளுக்கு அனுப்பு, வாங்கு, மூடு என்று மூன்று செயல்கள். இவ்வளவுதான். முகவரியின் முன்னொட்டைப் பார்த்து எந்த டிரான்ஸ்போர்ட் என்று முடிவு செய்ய ஒரு டிக்‌ஷனரி போதும். முகவரியின் மீதிப் பகுதிக்குள் என்ன இருக்கிறது என்று நோட் எட்டிப் பார்க்கவே கூடாது.

இதில் நான் முதலில் வழுக்கிய இடம், 'அனுப்பு' என்றால் எதை அனுப்புவது என்பது. பைட்டுகளையா, முழுச் செய்தியையா? நான் பைட்டுகள் என்று வைத்தேன், டிசிபி அப்படித்தானே இருக்கிறது என்று. தப்பு. டிசிபி ஒரு குழாய். நீங்கள் மூன்று செம்பு தண்ணீர் ஊற்றினால் அந்தப் பக்கம் மூன்று செம்பாக வராது, தண்ணீராகத்தான் வரும். எங்கே ஒரு செய்தி முடிகிறது என்று அதற்குத் தெரியாது. ஒரே கணினிக்குள் சோதிக்கும்போது ஒரு அனுப்பலுக்கு ஒரு வாங்கல் என்று சமர்த்தாக வந்துகொண்டிருக்கும், வைஃபைக்குப் போனதும் பாதிச் செய்தி வரும், அல்லது இரண்டு ஒட்டிக்கொண்டு வரும். வெப்சாக்கெட்டோ முழுச் செய்தியாகவே கொடுத்துவிடும். ஆகவே நோட்டுக்கும் டிரான்ஸ்போர்ட்டுக்கும் நடுவே போய்வருவது முழுச் செய்தியாக இருக்கட்டும். அதை எப்படித் துண்டாக்கிச் சேர்ப்பது என்பது அந்தந்த டிரான்ஸ்போர்ட்டின் சொந்தக் கவலை.

டிசிபிக்கு எல்லோரும் செய்வது, செய்தியின் நீளத்தை 4 பைட்டில் முன்னால் எழுதி அனுப்புவது. எளிது என்றுதான் நினைத்தேன். ஆங்கிலத்தில் 'ஹலோ' அனுப்பிப் பார்த்தேன், போனது. நண்பன் 'வணக்கம்' என்று அடித்தான், நிரல் உறைந்து நின்றுவிட்டது. ஒரு முழு ராத்திரி போனது இதற்கு. நான் நீளத்தை எடுத்தது எழுத்துச் சரத்திலிருந்து, பைட்டுகளிலிருந்து அல்ல. பைத்தானில் 'வணக்கம்' என்பதன் நீளம் 7: வ, ண, க, ஒரு புள்ளி, க, ம, இன்னொரு புள்ளி. ஆனால் எழுத்துகளைப் பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 21. எதிர்முனை 7 பைட்டைப் படித்தது: வ, ண, அப்புறம் க-வின் மூன்றில் ஒரு பங்கு. அதை எழுத்தாக்க முடியாமல் வந்த பிழையை நான் எழுதியிருந்த எக்ஸெப்ட் (பிழையைப் பிடிக்கும் பகுதி) வாய் பேசாமல் விழுங்கிவிட்டது. அடுத்து நீளம் என்று நினைத்து அது எடுத்த 4 பைட், மிச்சமிருந்த எழுத்துத் துண்டுகள். அதை எண்ணாக்கினால் 2,92,90,57,967. அதாவது சுமார் 293 கோடி பைட் வரப்போகிறது என்று என் நிரல் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது.

இதனால் இரண்டு பழக்கம் வந்தது. முதலில் என்கோடு, அதாவது எழுத்தைப் பைட்டாக்குவது, பிறகு நீளம். அப்புறம் நீளத்துக்கு ஓர் உச்சவரம்பு: என் நிரலில் 1 எம்பிக்கு மேல் எவன் சொன்னாலும் இணைப்பை வெட்டிவிடுவேன். பிட்காயின் வலைப்பின்னலில் இருக்கும் நோட்களும் தங்களுக்கு வரும் செய்திக்கு இப்படி ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. முன்பின் தெரியாதவன் சொல்லும் எண்ணை நம்பி நினைவகத்தை ஒதுக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். படிப்பதற்குப் பைத்தானின் அசிங்க்ஐஓ நூலகத்தில் ரீட்எக்ஸாக்ட்லி இருக்கிறது, கேட்ட அளவு வரும்வரை காத்திருந்து கொடுக்கும். கையால் சுற்று எழுத வேண்டாம்.

அடுத்த சொதப்பல் இன்னும் அடிப்படையானது. நண்பர்கள் பட்டியலை ஐபி முகவரியை வைத்துப் போட்டிருந்தேன். நான் அவனைக் கூப்பிட்டால் அவன் 192.168.1.7, போர்ட் (கணினியின் வாசல் எண் மாதிரி) 9000. அவன் என்னைக் கூப்பிட்டால் அதே 192.168.1.7, ஆனால் போர்ட் 51834 மாதிரி ஏதோ ஒன்று. கூப்பிடுகிற பக்கத்துக்கு இயங்குதளம் கைக்குக் கிடைத்த போர்ட்டைக் கொடுக்கும். பட்டியலில் ஒரே ஆள் இரண்டு ஆளாக நின்றான். அவன் வைஃபையை விட்டு மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்குப் போனதும் மூன்றாவது ஆளும் வந்தான். இடத்தை ஆளாக நினைத்தது என் தவறு. ஒவ்வொரு நோட்டும் முதல் தடவை ஓடும்போதே ஒரு சாவி ஜோடியை (ரகசியமாக வைப்பது ஒன்று, எல்லோருக்கும் சொல்வது ஒன்று) உருவாக்கிக்கொள்ளட்டும், பொதுச் சாவிதான் அதன் பெயர். எட்25519 என்ற வகைச் சாவி என்றால் 32 பைட். இணைந்தவுடன் முதல் செய்தியில் இரு பக்கமும் தங்கள் சாவியைச் சொல்ல வேண்டும். சொன்னால் போதாது, அது தன்னுடையதுதான் என்று நிரூபிக்கவும் வேண்டும். இந்தப் பகுதியை மட்டும் சொந்தமாகக் கண்டுபிடிக்காதீர்கள். டிரெவர் பெரின் வடிவமைத்த நாய்ஸ் கட்டமைப்பு இதற்கென்றே இருக்கிறது, வயர்கார்டு விபிஎன்னும் வாட்ஸ்அப்பும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. அது டிரான்ஸ்போர்ட்டுக்கு மேலே, நோட்டுக்குக் கீழே உட்காரட்டும். ஏன் அங்கே என்பது கடைசியில் புரியும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இனிமேல் வருவது. இரண்டாவது டிரான்ஸ்போர்ட்டை முதல் வாரமே எழுதிவிடுங்கள். அதுவும் யுடிபியோ புளூடூத்தோ வேண்டாம், நினைவகத்துக்குள்ளேயே ஓடும் ஒன்று. இரண்டு கியூ, இவனுடைய அனுப்பல் அவனுடைய வாங்கல், குறுக்கே மாட்டினால் முடிந்தது. எனக்கு நாற்பது வரிகூட ஆகவில்லை. வீட்டுச் சுவரில் பிளக் பாயின்ட் வைத்துவிட்டு ஒரே ஒரு மிக்ஸியை மட்டும் செருகிப் பார்த்தால், அது பிளக் பாயின்ட்டா அல்லது மிக்ஸியின் ஒயர் சுவருக்குள் போயிருக்கிறதா என்று தெரியாது. இரண்டாவதாக ஒன்றைச் செருகினால்தான் தெரியும். நான் செருகியதும், நோட்டுக்குள் ஏழெட்டு இடத்தில் டிசிபி இணைப்புக்கே உரிய சாக்கெட் பிழைப் பெயர்கள் எட்டிப் பார்த்தன. எல்லாவற்றையும் 'இணைப்பு அறுந்தது' என்ற ஒரே பிழையாக்கினேன்.

அது கொடுக்கும் இன்னொரு வசதி, போர்ட் எதுவும் திறக்காமல் ஒரே ப்ராசஸில் 50 நோட்டை ஓடவிடலாம். வேண்டுமென்றே தாமதப்படுத்தலாம், நடுவில் அறுக்கலாம். அப்படி ஓட்டியபோதுதான் இது வெளியே வந்தது: 'அ'வும் 'ஆ'வும் ஒரே சமயத்தில் ஒருவரையொருவர் கூப்பிடுகிறார்கள், இரண்டு இணைப்பு. ஒன்று போதுமே என்று 'அ' தான் கூப்பிட்டதை மூடுகிறது. அதே நல்லெண்ணத்தில் 'ஆ'வும் தான் கூப்பிட்டதை மூடுகிறது. மிச்சம் ஒன்றுமில்லை. உடனே இருவரும் மறுபடி கூப்பிடுகிறார்கள். வாசலில் எதிரெதிரே வந்துவிட்டு 'நீங்க போங்க, நீங்க போங்க' என்று நிற்கும் இரண்டு பேர் மாதிரி. தீர்வு, இருவருக்கும் ஒரே விடை வரும் விதி: யாருடைய சாவி சிறியதோ அவர் கூப்பிட்ட இணைப்பு நிற்கும், மற்றது போகும். கூடவே, வந்த சாவி என் சாவியாகவே இருந்தால் நான் என்னையே கூப்பிட்டிருக்கிறேன் என்று அர்த்தம், மூடிவிடு. சிரிக்காதீர்கள், இது நடக்கும். முகவரிகளை ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டால் சொந்த முகவரி சுற்றிக்கொண்டு நம்மிடமே வரும்.

மற்றவை சுருக்கமாக. செய்தியை எல்லோருக்கும் பரப்புவதாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, பார்த்த எண்ணை மறுபடி பரப்பாதீர்கள். இல்லையென்றால் மூன்று நோட்டுக்குள்ளேயே ஒரு 'வணக்கம்' காலவரையின்றிச் சுற்றும். 2000இல் வந்த நுடெல்லா என்ற கோப்புப் பகிர்வு வலைப்பின்னல் இதோடு, ஒரு செய்தி எத்தனை நோட்டுக்குத் தாவலாம் என்ற வரம்பும் வைத்திருந்தது, வழக்கமாக 7. அடுத்தது பிங், அதாவது 'இருக்கிறாயா?' என்று கேட்கும் குட்டிச் செய்தி: எதிராளி லேப்டாப்பைப் படாரென்று மூடிவிட்டால் டிசிபி உங்களிடம் வந்து சொல்லாது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் டிசிபியின் கீப்அலைவை இயக்கினாலும் லினக்ஸில் இயல்பாக 2 மணி நேரம் கழித்துத்தான் முதல் சோதனையே போகும். நீங்களே 15 வினாடிக்கு ஒரு பிங் அனுப்புங்கள். அசிங்க்ஐஓவில் உருவாக்கும் டாஸ்க்கை ஒரு மாறியில் பிடித்துவையுங்கள், விட்டால் குப்பை அள்ளுகிறவன் (பயன்படாத நினைவகத்தைக் காலி செய்யும் பைத்தானின் பகுதி) பாதியில் அள்ளிக்கொண்டு போய்விடுவான்.

யுடிபி வேண்டுமா? நம் இணைப்பு, 'வரிசையாக, முழுசாக வரும், இல்லையென்றால் அறுந்தது என்று சொல்லும்' என்று வாக்குக் கொடுத்திருக்கிறது. யுடிபி இது எதையும் தராது. அந்த வாக்கைக் காப்பாற்ற மறுஅனுப்பல், வரிசை எண், நெரிசல் கட்டுப்பாடு எல்லாம் எழுதிக்கொண்டே போனால், 2021இல் ஆர்எஃப்சி 9000 என்ற இணையத் தர ஆவணமாக வந்த க்விக்கை நீங்கள் மோசமாக மறுபடி எழுதியிருப்பீர்கள். பைத்தானில் அதற்கு ஏஐஓக்விக் என்ற நூலகம் இருக்கிறது.

டெமோ அன்றைக்கு ஒரு விஷயம். இரண்டு லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருந்தும் ஒன்றையொன்று பார்க்காமல் போகலாம். பல பொது வைஃபைகளில் இணைந்திருக்கும் கருவிகளைத் தனித்தனியே பிரித்துவைக்கும் அமைப்பு இருக்கும். எனக்கு ஒரு காபிக் கடையில் இப்படி ஆனது, அரை மணி நேரம் நிரலைத் திட்டிக்கொண்டிருந்தேன். கையில் மொபைல் ஹாட்ஸ்பாட் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியூரிலிருந்து இணைப்பது வேறு கதை. வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருப்பவனை வெளியிலிருந்து நேராகக் கூப்பிட முடியாது. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியே 100.64இலிருந்து 100.127க்குள் தொடங்கினால், சேவை நிறுவனமும் உங்களைப் பலரோடு சேர்த்து ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது, போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே அனுப்பும்படி ரவுட்டரில் அமைப்பது) செய்தும் பயனில்லை. ரவுட்டரைத் தாண்டி நேராக இணைக்கும் துளையிடும் உத்திகள் உண்டு. நான் அந்த வழிக்குப் போகவில்லை. மூன்றாவது டிரான்ஸ்போர்ட்டாக ஒரு ரிலே எழுதினேன். பொது முகவரி உள்ள ஒரு வாடகை சர்வரை இருவரும் கூப்பிடுவார்கள், அது இந்தப் பக்கம் வந்ததை அந்தப் பக்கம் தள்ளும். அப்போ சர்வர் வந்துவிட்டதே என்பீர்கள். வந்ததுதான், ஆனால் குறியாக்கம் டிரான்ஸ்போர்ட்டுக்கு மேலே இருப்பதால் அதனால் எதையும் படிக்க முடியாது. பெயர் சாவியாக இருப்பதால், ஆள் எந்த வழியாக வந்தாலும் பட்டியலில் அதே ஆள்தான்.

திருநெல்வேலியில் அம்மா வீட்டிலிருந்து பெங்களூரில் இருக்கும் நண்பனுக்கு முதல் செய்தி அதன் வழியாகத்தான் போனது. கமிட் செய்யும்போது பார்த்தேன்: ரிலேக்கு ஒரு புதுக் கோப்பு, டிக்‌ஷனரியில் ஒரு வரி, நோட்டுக்குள் ஒரே ஒரு மாற்றம். லாக் வரி ஒன்று இன்னமும் எதிராளியின் ஐபி முகவரியை அச்சிட முயன்றுகொண்டிருந்தது. ரிலேயில் அப்படி ஒன்று கிடையாது.