ரிப்போர்ட்டில் ஒரு பேர், வீட்டில் ஒரு பேர்

வார்டிலேயே காலம் போன ஓய்வுபெற்ற நர்ஸ் நான். மருந்து கேட்காதீர்கள், சொல்லுக்குத்தான் பொருள் சொல்வேன்.

சிஸ்டர், அப்பாவுக்கு ஸ்கேனில் 'ஹைட்ரோசீல்' என்று வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு மாமா அது குடலிறக்கம்தான் என்கிறார். - கும்பகோணம்

மாமா சொல்வது ஹெர்னியா. அதில் வயிற்றுச் சுவர் பலவீனமான இடத்தில் குடல் பிதுங்கி இறங்கும். இருமினால் புடைக்கும், படுத்தால் பெரும்பாலும் உள்ளே போய்விடும். ஹைட்ரோசீல் என்றால் விதையைச் சுற்றிய உறையில் நீர் கோர்த்திருக்கிறது. பெரியவர்கள் 'ஓதம்' என்றது இதைத்தான். வார்டில் விளக்கை அணைத்துவிட்டு டாக்டர் வீக்கத்துக்குப் பின்னால் டார்ச் அடிப்பார். உள்ளே நீர் என்றால் பெரும்பாலும் செக்கச்செவேல் என்று ஒளிரும்.

உங்கள் ஊரில் ஓதத்துக்குப் பழைய காரணம் ஒன்று உண்டு, யானைக்கால் புழு. சாக்கடைத் தண்ணீரில் முட்டையிடும் கியூலெக்ஸ் கொசு பரப்புவது. இந்தப் புழு குடியிருப்பது நிணநீர்க் குழாய்களில். நிணநீர் என்றால் விழிக்க வேண்டாம்: காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, நிணநீர்க் குழாய்கள் வந்து சேரும் அந்த நெறிதான் ரிப்போர்ட்டில் 'லிம்ஃப் நோடு'. குட்டிப் புழுக்கள் ராத்திரியில்தான் ரத்தத்தில் அதிகம் ஓடும். அதனால்தான் ஊர் தூங்கும் நேரத்தில் கதவைத் தட்டி, விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். திட்டு வாங்காத ஊழியர் இல்லை!

அம்மா நடவுக்குப் போகிறவர். கால் சிவந்து வீங்கி, சீட்டில் 'செல்லுலைட்டிஸ்' என்று எழுதியிருக்கிறார்கள். - மன்னார்குடி

தோலிலும் அதன் அடித்திசுவிலும் கிருமி பரவியிருக்கிறது என்று அர்த்தம். விரல் இடுக்கைப் பாருங்கள், சேற்றுப்புண் இருக்கலாம். கிருமிக்கு அந்த வெடிப்பே வாசல். சர்க்கரை இருந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆச்சிக்குக் கண்ணில் பூ விழுந்திருக்கிறது. அதுதானே கேட்டராக்ட்? - திருவையாறு

இல்லை தம்பி. பூ என்பது கண்ணின் முன்பக்கக் கண்ணாடியான கருவிழியில் விழும் வெள்ளைத் தழும்பு. கேட்டராக்ட் என்கிற புரை, அதற்குப் பின்னால் உள்ள லென்ஸ் மங்கிப்போவது. அதனால்தான் ஆபரேஷனில் லென்ஸை மாற்றுகிறார்கள். சொட்டு மருந்தில் கரையாது. ஆச்சிக்கு எது என்று டாக்டரிடம் காட்டினால்தான் தெரியும். அப்புறம் ஒன்று, தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்துக்குப் போனால் கேட்டுப் பாருங்கள். மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள், வரைந்த கண் படங்களோடு, அங்கே இருக்கின்றன.

நர்ஸிங் முதல் வருடம் அக்கா. 'காஸ்ட்ரோக்னீமியஸ்' மனதில் நிற்கவே மாட்டேன் என்கிறது. - திருவாரூர்

கெண்டைச்சதைதான் அது! கிரேக்கத்தில் 'காலின் வயிறு' என்று பொருள். அவர்களுக்கு வயிறு தெரிந்தது, நமக்கு வாய்க்கால் கெண்டை தெரிந்தது. குதிகாலைத் தூக்கி நின்று பின்னங்காலைத் தொட்டுப் பார், கெண்டை திமிறுவது கைக்கே தெரியும்.